லைன் கிளியர்

குலசேகரம் துணைமின் நிலையத்தில்
இரவு பத்து நாற்பது.
மணலோடை பீடர் செத்துக் கிடக்கிறது.
மலையிறங்கி வந்த காற்று
ரப்பர் மரமொன்றைக் கம்பிமேல் சாய்த்துவிட்டுத்
தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

திரையில் அந்தப் புதிய ஆள் விழித்திருக்கிறது.
ஆள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.
மீட்டர் கணக்கை அதுவே எழுதும்.
சுமையை ஒரு பீடரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்.
மின்தடைக்கு வருந்துகிறோம் என்று
ஐயாயிரம் கைப்பேசிகளுக்கு ஒரே நொடியில் வருந்தும்.
என்னைக் கேட்பதில்லை.
கேட்கவும் வேண்டாம், தப்பினால் காலையில் திருத்திக்கொள்ளலாம்.

ஆள் ஏறியிருக்கும் கம்பியில் மட்டும்
அது நின்று கேட்க வேண்டும்.
நின்றது.
"பழுது நீங்கியது. வாகனம் சாலைக்குத் திரும்பியது.
பணியாளர் இறங்கியிருக்க வாய்ப்பு
தொண்ணூற்றேழு விழுக்காடு.
மின்சாரம் செலுத்த அனுமதி?"
கீழே பச்சையாய் ஒரு கட்டம்,
கட்டைவிரல் அளவில்.

ஜீப் கம்பத்தில் ஏறாது என்பது
எனக்கும் தெரியும்.
தோபியாஸின் போன் அணைந்திருந்தது.
பிஜுவின் போன் எல்லைக்கு வெளியே.

மூன்று விழுக்காடு தோபியாஸ் என்றால்
அவரில் எது?
போன வாரம் மட்டிக் குலையொன்றைச் சுமந்து வந்து
இந்த மேசையில் இறக்கி வைத்த தோளா,
ஏறும் முன் கழற்றிப் பிஜுவிடம் கொடுக்கும்
அந்தப் பழைய வாட்சா?

போன் அடித்தது. அவரில்லை.
"சாரே, மணலோடையிலிருந்து.
பிள்ளைக்கு இழுப்பு. நெபுலைசர் வைக்கணும்.
கரண்டு எப்ப வரும்?"
அவள் குரலுக்குப் பின்னால் அந்த மூச்சு,
ஈரத்துணியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிழிப்பதுபோல்.
என் விரல் பச்சைக்கட்டத்தின் மேல் போனது.
போகவில்லை என்று சொல்ல மாட்டேன்.
"சர்ச்சில ஜெனரேட்டர் ஓடும், தூக்கிட்டு ஓடுங்க" என்றேன்.
ஓடினாளா, என்னைச் சபித்தாளா,
இணைப்பு அதற்குள் அறுந்துவிட்டது.

லைன் கிளியர் வாங்கியவர்
தன் வாயாலேயே திருப்பித் தர வேண்டும்.
பழுப்பேறிய விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
எழுதியவர், யாரையோ
கம்பியிலிருந்து இறக்கிக் கிடத்திய பிறகுதான்
எழுதியிருப்பார்.

எரிந்த டிரான்ஸ்பார்மருக்கு
நாகர்கோவிலிலிருந்து லாரியில் வேறொன்று வரும்.
திரை கேட்டபடியே இருந்தது.
கோபமில்லை அதற்கு. அவசரமும் இல்லை.
அனுமதி? அனுமதி?

பதினொன்று இரண்டு.
"சாரே, தோபியாஸாக்கும். சார்ஜ் போச்சு.
இது சாயாக்கடைக்காரனுக்க போன்."
"ஒவ்வொரு பேரா சொல்லும்."
"நான். பிஜு. ஒப்பந்தப் பையன் ஜெபின்.
மூணு பேரும் இறங்கி அரைமணிக்கூறு ஆச்சு.
எர்த் ராடும் எடுத்தாச்சு.
கட்டன் குடிச்சிட்டு நிக்கோம்."

ஆக, அது சொன்னது சரி.
இருபத்திரண்டு நிமிடம் ஓர் ஊர் இருட்டில் கிடந்தது
என்னால்.
அந்த மூச்சும் என்னால்.
நாளைக்கும் அது சரியாகவே சொல்லக்கூடும்.
நாளைக்கும் நான் பேர் பேராய்க் கேட்பேன்.

பச்சையைத் தொட்டேன்.
அம்மீட்டர் முள் எழுந்து
நடுங்கி, நாற்பதில் நின்றது.
இங்கிருந்து பார்த்தால் மணலோடை
அவ்வளவுதான் தெரியும்.

"தாமதத்துக்குக் காரணம்?"
மழை, மரம், கருவிக் கோளாறு, மற்றவை.
மற்றவையைத் தொட்டுத் தட்டினேன்:
குரல் வரவில்லை.
பதிவு செய்யப்பட்டது, நன்றி என்றது.

பிறகு அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்து
நானே அழைத்தேன்.
மணி அடிக்கிறது.
அடித்துக்கொண்டே இருக்கிறது.